திராட்சைப் பந்தலும் ஒயின் ஆலையும்: சுற்றுலா செல்வோர் அறிய வேண்டிய சில மஸ்அலாக்கள்

பள்ளிக்கூட விடுமுறை வந்துவிட்டால் முஹல்லாவில் நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு பஸ்ஸைப் பேசிக்கொண்டு புறப்படுவது இப்பொழுது நம்மவர்களிடையே வழக்கமாகி இருக்கிறது. நல்ல வழக்கம்தான். வருஷம் முழுவதும் அடுப்படியில் நிற்கும் பெண்களுக்கும், கடையையே கதியென்று கிடக்கும் ஆண்களுக்கும் அல்லாஹ்வின் பூமியைச் சற்றுப் பார்த்துவரக் கிடைக்கும் வாய்ப்பு அது. பூமியில் பயணம் செய்து பார்க்கும்படி திருக்குர்ஆன் பல இடங்களில் நம்மைத் தூண்டுகிறது.

தேனிப் பக்கம் போகிறவர்கள் வைகை அணை, சுருளி அருவி, மேகமலை, தேக்கடி என்று ஒரு வரிசை வைத்திருப்பார்கள். அந்த வரிசையில் சில காலமாகப் புதிதாக ஓர் இடமும் சேர்ந்திருக்கிறது. சின்னமனூரை அடுத்த குச்சனூர் என்றால் முன்பெல்லாம் சுரபி நதிக்கரையிலுள்ள சனீஸ்வரர் கோயில்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். ஆடி மாதச் சனிக்கிழமைகளில் ஹிந்துச் சகோதரர்கள் திரள் திரளாக வந்து கூடும் ஊர் அது. இப்பொழுது அந்த ஊரையொட்டி ‘ஹில்ஜில் ஒயின்ஸ்’ என்னும் ஒயின் ஆலை இருப்பதால், பஸ்காரர்களும் பயணக் குறிப்பு எழுதுகிறவர்களும் “திராட்சைத் தோட்டம், ஒயின் ஆலை” என்று சேர்த்தே சொல்லிவிடுகிறார்கள்.

இங்கேதான் கேள்வி பிறக்கிறது. “பார்க்கத்தானே போகிறோம், குடிக்கவா போகிறோம்? திராட்சையை எப்படிப் பிழிகிறார்கள், எப்படி அடைக்கிறார்கள் என்று பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டுமே!” என்கிறார் ஒருவர். “அந்த வாசலையே மிதிக்கக் கூடாது” என்கிறார் இன்னொருவர். பஸ் நடுரோட்டில் நிற்கிறது. உள்ளே வாக்குவாதம் நடக்கிறது. டிரைவர் பீடி குடிக்க இறங்கிவிடுகிறார். புறப்படுவதற்கு முன்பே இதைப் பற்றித் தெளிவு பெற்றிருந்தால் இந்தச் சங்கடம் வராது. ஆகவே மார்க்கம் என்ன சொல்கிறது என்பதைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

பள்ளத்தாக்கும் பழமும்

கம்பம் பள்ளத்தாக்கு அல்லாஹ் அருள்வளம் சொரிந்த பூமி. 1895-ல் முல்லைப் பெரியாறு அணை கட்டி முடிக்கப்பட்டு, மேற்கே ஓடிக் கடலில் கலந்துகொண்டிருந்த தண்ணீர் மலையைக் குடைந்து கிழக்கே திருப்பப்பட்ட பிறகு, இரண்டு பக்கமும் மலை நிற்க, நடுவே நெல்லும் தென்னையும் வாழையும் செழித்தன. திராட்சை பின்னால் பெருகியது. கூடலூர், கம்பம், சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, ஆனைமலையான்பட்டி, ராயப்பன்பட்டி என்று ஊர் ஊராகக் கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, அதன்மேல் கொடியைப் படரவிட்டிருக்கிறார்கள். பந்தலுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் கருநீலக் குலைகள் தலைக்கு மேலே தொங்கும். ஓடைப்பட்டிப் பக்கம் விதையில்லாத் திராட்சை.

பள்ளத்தாக்கில் மிகுதியாக விளைவது பன்னீர்த் திராட்சை. ‘மஸ்கட் ஹாம்பர்க்’ என்பது அதன் வெளிநாட்டுப் பெயர். 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் மூலம் தமிழ்நாட்டுக்கு வந்ததாகச் சொல்கிறார்கள். 2023-ல் கம்பம் பன்னீர்த் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மற்ற இடங்களில் திராட்சைக்கு ஒரு பருவம் உண்டு. இங்கேயோ கவாத்துச் செய்யும் காலத்தை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு ஏறக்குறைய வருஷம் முழுவதும் பழம் எடுக்கிறார்கள். உத்தமபாளையம், கம்பம் பகுதிகளில் நம் ராவுத்தர் குடும்பங்களும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றன. உத்தமபாளையத்தில் 1956-ல் தோன்றிய ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரி அந்த மக்களின் கல்வி ஆர்வத்துக்கு ஓர் அடையாளம். ஆகவே திராட்சை நமக்கு யாரோ ஒருவருடைய பயிர் அல்ல.

திருக்குர்ஆனில் அல்லாஹ் தன் நிஃமத்துகளை எண்ணிக் காட்டும்போது பேரீச்சையோடு திராட்சையையும் திரும்பத் திரும்பக் குறிப்பிடுகின்றான். நஹ்ல் சூராவின் 67-ஆம் வசனம் இங்கே கூர்ந்து கவனிக்கத் தக்கது. இந்த இரு கனிகளிலிருந்தும் மனிதர்கள் போதைப் பொருளையும் எடுக்கிறார்கள், நல்ல உணவையும் எடுக்கிறார்கள் என்பது அதன் கருத்து. மது விலக்கப்படுவதற்கு முன்பே, மக்காவில் இறங்கிய வசனம் இது. “நல்ல” என்ற சொல் உணவோடு மட்டும் சேர்த்துச் சொல்லப்பட்டிருப்பதை முஃபஸ்ஸிர்கள் எடுத்துக் காட்டுகிறார்கள். விலக்கு வருவதற்கு முன்பே அதன் வாடை வந்துவிட்டது என்று சொல்லலாம்.

இன்னொரு நுட்பமும் உண்டு. அரபிகள் திராட்சைக் கொடியைக் ‘கர்ம்’ என்று அழைத்து வந்தார்கள். அதன் மது உள்ளே போனால் மனிதனுக்கு வள்ளல்தன்மை வந்துவிடுகிறது என்பது அவர்கள் எண்ணம். நபி (ஸல்) அவர்கள் அந்தப் பெயரை விரும்பவில்லை. அந்தச் சிறப்புப் பெயருக்கு உரியது முஃமினின் உள்ளம் என்று அருளினார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இது வருகிறது. மதுவுக்கு ஓர் அழகிய பெயர் சூட்டுவதைக்கூட நாயகம் (ஸல்) அவர்கள் அனுமதிக்கவில்லை என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்வோம். சற்று நேரத்தில் இது தேவைப்படும்.

சாறு எப்பொழுது மதுவாகிறது?

ஆலைக்குள் நடப்பதைத் தெரிந்துகொள்ள ஆலைக்குள்ளே போகத்தான் வேண்டும் என்பதில்லை. இங்கேயே சொல்லிவிடலாம்.

பழத்தைக் காம்பு நீக்கி நசுக்குகிறார்கள். சிவப்பு ஒயின் என்றால் தோலையும் சாற்றோடு சேர்த்தே ஊறவிடுகிறார்கள். நிறம் தோலில்தான் இருக்கிறது. திராட்சையில் இயற்கையாகவே சர்க்கரை மிகுதி. ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் அந்தச் சர்க்கரையைத் தின்று அதனை ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. வாயு மேலே கிளம்புவதால் சாறு நுரைத்துப் பொங்குகிறது. எஃகுத் தொட்டிகளில் சூட்டைக் கட்டுப்படுத்தி வைத்துச் சில நாட்களிலிருந்து சில வாரங்கள் வரை இதை நடத்துகிறார்கள். பிறகு தெளிய வைத்து, வடிகட்டி, புட்டியில் அடைக்கிறார்கள். பொதுவாக நூற்றுக்கு 8 முதல் 14 பங்கு வரை ஆல்கஹால் இருக்கும்.

நம் ஃபுகஹாக்கள் கம்ருக்கு இலக்கணம் சொல்லும்போது, திராட்சையின் பச்சைச் சாறு பொங்கி, வீரியம் பெற்று, நுரை தள்ளுவது என்று சொல்லியிருக்கிறார்கள். கண்ணாடிக் கருவியோ நுண்ணோக்கியோ இல்லாத காலத்தில் எழுதப்பட்ட வாசகம் அது. ஆலைக்காரர் தொட்டியைக் காட்டிச் சொல்வதும் அதே பொங்குதல், அதே நுரைதான்.

“ஒயின் என்பது மது அல்ல, பழரசம் மாதிரி, உடம்புக்குக்கூட நல்லது” என்று பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். 2022 ஜனவரியில் மகாராஷ்டிர அரசு பெரிய பலசரக்குக் கடைகளில் ஒயின் விற்கலாம் என்று முடிவெடுத்தபோதும், ஒயின் மதுவே அல்ல என்ற பேச்சு அங்கே எழுந்தது. அரசியலில் யார் என்ன சொன்னாலும் மார்க்கத்தில் இதற்கு இடமில்லை. சொல்லப்போனால், மற்ற போதைப் பானங்களைப் பற்றி இமாம்களிடையே விவாதம் நடந்ததுண்டு. திராட்சையின் பச்சைச் சாற்றிலிருந்து உண்டான மதுவைப் பற்றி ஒரு மத்ஹபிலும் ஒரு விவாதமும் நடந்ததில்லை. அதுதான் அசல் கம்ரு. அதில் ஒரு சொட்டும் ஹராம். மயக்கம் தந்தாலும் தராவிட்டாலும் ஹராம். எது அதிகம் அருந்தினால் மயக்குமோ அதில் கொஞ்சமும் விலக்கப்பட்டதே என்ற நபிமொழி அபூதாவூதிலும் திர்மிதியிலும் இருக்கிறது. பெயர் மாற்றத்தினால் பொருள் மாறாது. ‘கர்ம்’ என்ற பெயரைப் பற்றி மேலே சொன்னதை இங்கே பொருத்திப் பார்த்துக்கொள்க.

மதீனாவில் விலக்கு வந்த விதம் நமக்குத் தெரிந்ததே. முதலில் பகரா சூராவில், அதில் நன்மையும் உண்டு, தீமை அதைவிடப் பெரிது என்ற அறிவிப்பு (2:219). பிறகு நிஸாவில், போதையோடு தொழுகையை நெருங்கக் கூடாது என்ற கட்டளை (4:43). முடிவாக மாயிதாவில், அது ஷைத்தானின் அசுத்தச் செயல், விலகிக்கொள்ளுங்கள் என்ற தீர்ப்பு (5:90). அன்று அபூதல்ஹா (ரலி) அவர்கள் வீட்டில் விருந்தினருக்கு ஊற்றிக்கொடுத்துக்கொண்டிருந்தவர் இளைஞரான அனஸ் (ரலி). தெருவில் அறிவிப்பாளரின் குரல் கேட்டது. “போய்க் கொட்டிவிடு” என்று சொல்லிவிட்டார்கள். மதீனாவின் சந்துகளில் மது ஓடியது. எவரும் அந்தக் கோப்பையை மட்டும் முடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லவில்லை. மிச்சமிருப்பதை விற்றுக்கொள்கிறேன் என்று கேட்கவில்லை.

மாயிதாவின் சொல்லைக் கவனியுங்கள். “குடிக்காதீர்கள்” என்று மட்டும் சொல்லாமல், “விலகிக்கொள்ளுங்கள்” என்ற கருத்துள்ள சொல் அங்கே வந்திருக்கிறது. பார்க்கப் போவது பற்றிய கேள்விக்கு விடை இந்தச் சொல்லிலிருந்துதான் தொடங்குகிறது.

பார்க்கப் போகலாமா?

மதுவின் விஷயத்தில் பத்துப் பேரை நபி (ஸல்) அவர்கள் சபித்ததாகத் திர்மிதியிலும் இப்னு மாஜாவிலும் வருகிறது. பிழிகிறவர், பிழியச் சொல்கிறவர், குடிப்பவர், சுமப்பவர், யாரிடம் சுமந்து செல்லப்படுகிறதோ அவர், ஊற்றிக்கொடுப்பவர், விற்பவர், அதன் கிரயத்தை உண்பவர், வாங்குபவர், யாருக்காக வாங்கப்படுகிறதோ அவர். இந்தப் பத்தில் ‘பார்ப்பவர்’ இல்லை. இதைப் பிடித்துக்கொண்டு சிலர் வாதாடுவார்கள்.

ஆனால் வேறொரு நபிமொழி இருக்கிறது. அல்லாஹ்வையும் மறுமை நாளையும் நம்புகிறவர் மது பரிமாறப்படும் விரிப்பில் உட்கார வேண்டாம் என்பது அதன் கருத்து. இங்கே குடிப்பதைப் பற்றிப் பேச்சில்லை. உட்காருவதைப் பற்றித்தான் பேச்சு. உமர் பின் அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்களிடம் குடித்த கூட்டத்தார் சிலரைக் கொண்டுவந்து நிறுத்தியபோது, அவர்களில் ஒருவர் நோன்பாளி என்று பரிந்து பேசப்பட்டது. அவர்களோடு உட்கார்ந்திருந்தாரே என்று சொல்லி, நிஸா சூராவின் 140-ஆம் வசனத்தை எடுத்தோதி, அவருக்கும் தண்டனை கொடுத்தார்கள் என்று தஃப்ஸீர்களில் காண்கிறோம்.

ஆகவே ஒயின் ஆலை என்று ஒரே பெயரில் சொன்னாலும், அதற்குள்ளே மூன்று இடங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். திராட்சைத் தோட்டம் ஓர் இடம். அங்கே போவதில், பார்ப்பதில், பழம் வாங்கித் தின்பதில் எந்தத் தடையும் இல்லை. தோட்டம் ஆலைக்குச் சொந்தமானதாக இருந்தாலும் பழம் பழமே. சுவைத்துப் பார்ப்பதற்கென்று கோப்பை வைத்து ஊற்றித் தரும் கூடம் இன்னோர் இடம். பெரிய ஒயின் ஆலைகளில் இப்படி ஒரு கூடம் வைப்பது உலகெங்கும் வழக்கம். அது மது பரிமாறப்படும் விரிப்பேதான். அங்கே ஓர் ஓரமாக நிற்பதும், பழரசம் மட்டும் கேட்டு வாங்கிக் குடிப்பதும், நாற்காலியில் உட்கார்ந்து மற்றவர்கள் முடிக்கும்வரை காத்திருப்பதும் கூடாது.

நடுவிலே இருப்பது தொட்டிகளும் இயந்திரங்களும் உள்ள கூடம். யாரும் அங்கே குடிப்பதில்லை. பொறியியல் படிக்கும் மாணவனோ, விவசாயக் கல்லூரி மாணவனோ, கணக்குச் சோதிக்கும் அதிகாரியோ வேலையின் பொருட்டு அங்கே போக நேரிட்டால், அவர் அந்த விரிப்பில் உட்கார்ந்தவர் ஆகமாட்டார். தேவை என்பது ஒன்று, வேடிக்கை என்பது வேறொன்று. குடும்பத்தோடு, பிள்ளை குட்டிகளோடு, காசு கொடுத்து, பொழுதுபோக்குக்காக அங்கே போவதற்கு எந்தத் தேவையும் இல்லை. விலகிக்கொள்ளும்படி அல்லாஹ் சொன்னதைப் பார்வைப் பொருளாக ஆக்கிக்கொள்வது அந்தக் கட்டளையின் கருத்துக்கு நேர் எதிரானது என்றே நாம் கருதுகிறோம். ஜமாஅத் சார்பிலோ மதரஸா சார்பிலோ போகும் பஸ் அந்த வாசலில் நிற்கவே கூடாது.

இதைக் கடுமை என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி சொல்கிறோம். மது விலக்கப்பட்ட தொடக்கத்தில், சுரைக்குடுக்கை, கீல் பூசிய ஜாடி போன்ற சில பாத்திரங்களில் பழத்தை ஊறவைப்பதைக்கூட நபி (ஸல்) அவர்கள் தடுத்திருந்தார்கள். அப்துல் கைஸ் கூட்டத்தார் வந்தபோது அவர்களுக்கு இதைச் சொல்லி அனுப்பினார்கள். அந்தப் பாத்திரங்களில் ஊறியது சீக்கிரம் போதையேறிவிடும். தவிரவும் பழைய பழக்கத்தின் நினைவு அவற்றோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பின்னர் உள்ளங்கள் உறுதிப்பட்டதும் அந்தத் தடையை நீக்கி, எந்தப் பாத்திரத்திலும் அருந்தலாம், போதை தருவதை மட்டும் அருந்தாதீர்கள் என்று அனுமதித்தார்கள். பாத்திரம் ஹராமாக இருந்ததில்லை. உள்ளத்தின் நிலைக்கு ஏற்ப அதை விலக்க வேண்டியிருந்தது. இன்று நம் பிள்ளைகளின் உள்ளம் எந்த நிலையில் இருக்கிறது? சாராயக் கடையின் அழுக்கைப் பார்த்து அவர்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் பளபளக்கும் எஃகுத் தொட்டி, குளிரூட்டிய அறை, நீண்ட காலுள்ள கண்ணாடிக் கோப்பை, வெள்ளைக் கையுறை, இனிய பேச்சு இவற்றோடு மது அவர்கள் முன்னால் வந்தால்? “அத்தா, இது திராட்சை ஜூஸ்தானே?” என்று ஏழு வயதுப் பிள்ளை கேட்டால் சொல்வதற்கு நம்மிடம் பதில் இருக்கலாம். அந்தப் பதிலைவிட அந்தக் கோப்பையின் மினுக்கம் அதன் மனத்தில் அதிக நாள் தங்கும்.

நாம் ஆலையை நடத்துகிறவர்களைப் பற்றிக் குறை பேசவில்லை. அரசாங்கத்தின் உரிமத்தோடு நடக்கும் தொழில் அது. இந்த நாட்டில் மதுவிலக்கும் வந்திருக்கிறது, போயும் இருக்கிறது. 1937-ல் ராஜாஜி அவர்கள் சேலம் ஜில்லாவில் தொடங்கியது 1948-ல் சென்னை மாகாணம் முழுவதும் பரவியது. 1971-ல் நிறுத்தி வைக்கப்பட்டது. 1974-ல் மறுபடி வந்தது. 1981-ல் மறுபடி தளர்ந்தது. 1983-ல் டாஸ்மாக் பிறந்தது. 2003-லிருந்து சில்லறைக் கடைகளையும் அரசே நடத்துகிறது. அரசாங்கத்தின் சட்டம் இப்படி மாறி மாறி வரும். மாயிதாவின் வசனம் மாறுவதில்லை. நமக்குரிய கடமை நம் வீட்டைப் பார்த்துக்கொள்வது.

அலுவலகத்திலோ கல்லூரியிலோ எல்லோரும் சேர்ந்து போகும் பஸ்ஸில் நம்மவர் ஒருவர் இருக்கிறார், பஸ் ஆலைக்கே போய்விட்டது, என்ன செய்வது? சண்டை போட வேண்டாம், பிரசங்கமும் வேண்டாம். தோட்டத்தில் நின்றுகொள்ளலாம். “எங்கள் மார்க்கத்தில் விலக்கு, நீங்கள் பார்த்துவிட்டு வாருங்கள், நான் இங்கே இருக்கிறேன்” என்று சிரித்த முகத்தோடு சொன்னால் மதிக்காத ஹிந்துச் சகோதரரை நாம் கண்டதில்லை. நுழைவுச் சீட்டு வாங்கும்போது மட்டும் கவனம் வேண்டும். சீட்டின் விலையிலேயே சுவைத்துப் பார்க்கும் கோப்பைக்கும் சேர்த்துப் பணம் வாங்கும் இடங்கள் உண்டு. அங்கே நாம் குடிக்காவிட்டாலும், கொடுத்த காசு மதுவை வாங்கிய காசுதான்.

நம் வீட்டுப் பிள்ளைகளில் பஸ் ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். சுற்றுலாப் பயணிகளை ஏற்றிப்போய் ஆலை வாசலில் இறக்கிவிடும் டிரைவர், மனிதர்களைத்தான் சுமக்கிறார், மதுவைச் சுமக்கவில்லை. அவருடைய கூலியை அந்தப் பத்துப் பேர் கணக்கில் சேர்க்க முடியாது. ஆலைப் புட்டிகளை லாரியில் ஏற்றிச் செல்கிறவர் நிலை வேறு. அந்தக் கூலி இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களிடம் ஆகும் என்றாலும், அவர்களுடைய இரு மாணவர்களும் அதை மக்ரூஹ் என்று கூறிவிட்டார்கள். வேறு சரக்குக் கிடைக்கும்போது அதை விட்டுவிடுவதே பேணுதல்.

ஊர் திரும்பும்போது “முதலாளிக்கு ஒரு புட்டி வாங்கிப் போனால் சந்தோஷப்படுவார், அவர் நம்மவர் இல்லையே” என்று நினைப்பவர் உண்டு. நபி (ஸல்) அவர்களுக்கே ஒருவர் ஒரு தோற்பை மதுவை அன்பளிப்பாகக் கொண்டுவந்தார். அல்லாஹ் இதை ஹராமாக்கிவிட்டது உனக்குத் தெரியாதா என்று கேட்டார்கள். அவர் பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ காதோடு சொன்னார். என்ன சொன்னாய் என்று நாயகம் (ஸல்) வினவ, விற்றுவிடச் சொன்னேன் என்றார். குடிப்பதை ஹராமாக்கியவனே விற்பதையும் ஹராமாக்கிவிட்டான் என்று அருளினார்கள். அவர் பையின் வாயைத் திறந்து அவ்வளவையும் கொட்டிவிட்டார். முஸ்லிமில் உள்ள இந்தச் செய்திக்குப் பிறகு அன்பளிப்புப் புட்டிக்கு என்ன இடம் இருக்கிறது? குச்சனூர்ப் பக்கம் போனால் முதலாளிக்கு ஒரு பெட்டி பன்னீர்த் திராட்சை வாங்கிப் போங்கள். அவர் வீட்டுப் பெண்களும் சேர்ந்து சந்தோஷப்படுவார்கள்.

தோட்டக்காரரின் கேள்வி

சுற்றுலாக்காரருக்கு இது ஒருநாள் விஷயம். பள்ளத்தாக்கிலே இருக்கும் நம்மவருக்கோ இது வயிற்றுப் பிரச்சினை. பந்தல் போடச் செலவு, மருந்தடிக்கச் செலவு, கவாத்துக்கு ஆள் கூலி. பழம் பழுத்தபின் கொடியில் அதிக நாள் தங்காது. ஒரு மழை அடித்தால் வெடித்துவிடும். விலை விழுந்த நாளில் வியாபாரி வரமாட்டார். அப்படிப்பட்ட நேரத்தில் ஆலையிலிருந்து ஆள் வந்து நிற்கிறார். விற்கலாமா?

வியாபாரியிடம் விற்பது பற்றிச் சந்தேகமே வேண்டாம். அவர் மதுரைக்கு அனுப்புகிறாரா, கேரளத்துக்கு அனுப்புகிறாரா, எங்கே போகிறது என்று தேடித் துருவ வேண்டிய கடமை நமக்கு இல்லை. கேள்வி, மதுவாக்குவார் என்று உறுதியாகத் தெரிந்தவரிடம் நேரே விற்பது பற்றித்தான். ஷாஃபிஈ மத்ஹபில், உறுதியாகத் தெரிந்தால் ஹராம், சந்தேகம் இருந்தால் மக்ரூஹ். ஹனஃபி மத்ஹபில், இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் இதைக் குற்றமில்லை என்று கூறியிருப்பது ‘ஹிதாயா’வில் இருக்கிறது. விற்கப்படும் பொருள் அந்த நேரத்தில் ஹலாலானது. பாவம் பின்னால் வாங்கியவர் தன் விருப்பப்படி செய்யும் செயலில் இருக்கிறது என்பது அவர்களின் ஆதாரம். அவர்களின் இரு மாணவர்களான அபூயூஸுஃப், முஹம்மது (ரஹ்) இருவரும் இதை மக்ரூஹ் என்றார்கள். பாவத்துக்கு உதவியாக இருக்காதீர்கள் என்ற கருத்துள்ள மாயிதாவின் 2-ஆம் வசனம் அவர்கள் பக்கம் வலு சேர்க்கிறது.

பேணுதல் எந்தப் பக்கம் என்பது தெளிவு. மதுவாக்குபவரிடம் நேரே விற்காமல் இருப்பதே மேல். ஆலையோடு வருஷ ஒப்பந்தம் எழுதிக்கொள்வது அறவே வேண்டாம் என்பது நம் கருத்து. ஆனால் ஒரு விவசாயி நெருக்கடியில் இமாமுல் அஃளம் அவர்களின் சொல்லைப் பற்றிக்கொண்டு விற்றிருந்தால், அவரை ஹராம் தின்றவர் என்று ஏசுவதற்கு நமக்கு உரிமை இல்லை. பஸ்ஸில் வந்து, அவருடைய பந்தலுக்குக் கீழே நின்று படம் பிடித்துக்கொண்டு, ஒரு கொத்துப் பழத்துக்குப் பேரம் பேசிவிட்டு, போகிற போக்கில் ஃபத்வாக் கொடுத்துவிட்டுப் போவது மிகவும் எளிது. அவரிடம் சொன்ன விலைக்கு இரண்டு பெட்டி வாங்கிப் போகிறவர் அவருக்கு அதிக உபகாரம் செய்தவர் ஆவார்.

மதுவாகாமல் திராட்சையை என்ன செய்வது என்ற கேள்விக்கு நம் வரலாற்றில் விடை உண்டு. உமர் (ரலி) அவர்கள் ஷாம் தேசம் போயிருந்தபோது, இந்த ஊர்க் காற்றுக்கு எங்கள் பானம் இல்லாமல் முடியாது என்று மக்கள் முறையிட்டார்கள். தேன் அருந்துங்கள் என்றார்கள், ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். பிறகு திராட்சைச் சாற்றைக் காய்ச்சி, மூன்றில் இரண்டு பங்கு வற்றி ஒரு பங்கு மிஞ்சியதைக் கொண்டுவந்து காட்டினார்கள். கலீஃபா விரலை விட்டு எடுத்தார்கள். பாகு போல் இழுத்துக்கொண்டு வந்தது. ஒட்டகத்துக்குப் பூசும் கீல் மாதிரி இருக்கிறதே என்று சொல்லி அதை அனுமதித்தார்கள். ஹலாலாக்கிவிட்டீர்களே என்று உபாதா (ரலி) ஆட்சேபித்தபோது, அல்லாஹ் விலக்கியதை நான் ஒருபோதும் ஹலாலாக்கமாட்டேன் என்று மறுமொழி கூறினார்கள். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் உள்ள செய்தி இது. துருக்கியில் இன்றும் திராட்சைப் பாகு வீட்டுக்கு வீடு இருக்கிறது, ‘பெக்மெஸ்’ என்பார்கள்.

அல்ஜீரியாவின் கதை இன்னும் பெரியது. பிரெஞ்சு ஆட்சியில் அந்த முஸ்லிம் நாட்டில் 1930-களில் சுமார் 4 லட்சம் ஹெக்டேரில் திராட்சை பயிராகி, உலகிலேயே மிகுதியாக ஒயின் ஏற்றுமதி செய்யும் நாடாக அது இருந்தது. 1962-ல் விடுதலை கிடைத்தபின் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடிகளைப் பிடுங்கி வேறு பயிர் வைத்தார்கள். பிரான்ஸ் வாங்குவதைக் குறைத்ததும் ஒரு காரணம்தான். எல்லாமே தக்வாவினால் நடந்தது என்று சொன்னால் அது மிகை.

அமெரிக்காவில் 1869-ல் தாமஸ் வெல்ச் என்பவர், பாஸ்டர் கண்டுபிடித்த முறையில் திராட்சைச் சாற்றைச் சூடேற்றி ஈஸ்ட்டைக் கொன்று புட்டியில் அடைத்தார். அவர் நம்மவர் அல்ல. தம் சர்ச்சில் மது இல்லாமல் வழிபாடு நடக்க வேண்டும் என்று விரும்பிய கிறிஸ்தவர். அவர் முறையே இன்று உலகெங்கும் திராட்சை ரசத் தொழிலாக வளர்ந்திருக்கிறது. பன்னீர்த் திராட்சையில் விதை இருப்பதால் உலர்பழத்துக்கு அவ்வளவு வசதியில்லை. சாற்றுக்கு மிகப் பொருத்தமானது. பள்ளத்தாக்கிலுள்ள நம் செல்வந்தர்கள் நாலு பேர் சேர்ந்தால் இது ஆகாத காரியம் இல்லை.

வீட்டுப் பெண்களுக்கு

திராட்சை வாங்கி வந்து வீட்டில் பிழிந்து வைக்கும் சாறு, நம் ஊர் வெயிலில் வெளியே வைத்தால் வெகு சீக்கிரம் பொங்க ஆரம்பிக்கும். நபி (ஸல்) அவர்களுக்குப் பழத்தை ஊறவைத்துக் கொடுப்பார்கள். மூன்றாம் நாள் மாலைக்கு மேல் அதை அருந்தமாட்டார்கள், மிஞ்சியதைக் கொட்டச் சொல்லிவிடுவார்கள் என்று முஸ்லிமில் வருகிறது. நாள் கணக்கைவிட அடையாளமே முக்கியம். நுரைத்து, குமிழி விட்டு, வாடை மாறி, நாக்கில் சுருக்கென்றால் கொட்டிவிட வேண்டும். உடனே குடிப்பது, அல்லது காய்ச்சி வைப்பது, அல்லது குளிர்ப்பெட்டியில் வைத்து இரண்டு நாளில் முடிப்பது நல்லது. சர்க்கரையும் ஈஸ்ட்டும் கோதுமையும் போட்டுப் பீங்கான் ஜாடியில் கட்டி 21 நாள் வைக்கும் ‘வீட்டு ஒயின்’ செய்முறைகள் பத்திரிகைகளில் வருகின்றன. வீட்டிலே செய்தாலும் அது கம்ருதான்.

காடி என்னும் வினிகர் ஹலால். அது நல்ல தொடுகறி என்று நாயகம் (ஸல்) அவர்கள் பாராட்டியிருக்கிறார்கள். மது தானாகவே புளித்துக் காடியாகிவிட்டால் எல்லா இமாம்களிடமும் சுத்தமானதே. வேண்டுமென்றே ஏதேனும் பொருளைப் போட்டு மதுவைக் காடியாக்கினால் ஷாஃபிஈ மத்ஹபில் சுத்தமாகாது. ஹனஃபி மத்ஹபில் ஆகும்.

கூட்டத்தில் யாரோ தட்டிவிட்டு ஒயின் துணியில் பட்டுவிட்டால், அது நஜீஸ். நான்கு மத்ஹபிலும் இதுவே தீர்ப்பு. ஹனஃபிகள் மூன்று முறை அலசிப் பிழிவார்கள். ஷாஃபிஈகள் நிறமும் வாடையும் போகத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவார்கள். வாடை மட்டும் காற்றில் வந்து பட்டதற்காகத் துணியை மாற்ற வேண்டியதில்லை.

மதுரையிலிருந்து புறப்பட்டவர்களுக்குக் குச்சனூர் ஏறக்குறைய 100 கிலோமீட்டர் இருக்கும். ஆகவே அங்கே கஸ்ரு உண்டு. ளுஹர் நேரத்தில் தோட்டத்தில் நின்றுவிடாமல், சின்னமனூரிலோ உத்தமபாளையத்திலோ பள்ளிவாசலுக்கு வண்டியைக் கொண்டுபோகும்படி டிரைவரிடம் காலையிலேயே சொல்லிவைக்கவும். உள்ளூர் இமாமைப் பின்பற்றித் தொழுதால் கஸ்ரு கிடையாது, நாலு ரக்அத்தும் தொழ வேண்டும்.